போன மாதத்திலேயே நின்ற லேப்டாப்

முப்பத்தைந்து சதவீதம். அதற்கு மேல் போகாது. நீலத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்துவிடாதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி நிற்கும். அரை மணி கழித்து, அப்டேட்டை முடிக்க முடியவில்லை, பழையபடி மாற்றுகிறோம் என்று இன்னொரு வரி வரும். அந்த இரண்டாவது வரி வந்தாலே எனக்குப் பயம். ஒரு லேப்டாப்புக்குப் போய் இப்படி யாராவது பயப்படுவார்களா என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்து லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. என் வீட்டுக்காரருக்கு அதே கம்பெனியில் கிரேன் ஷெட்டில் வேலை. மீஞ்சூரிலிருந்து இரண்டு பேரும் ஒரே ரயிலில் வருவோம், ஒரே கேட்டில் நுழைவோம், அப்புறம் அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். தொட்டியைச் சுற்றி இரும்புக் கயிற்றைப் போட்டு, அதன் கண்ணியைக் கிரேன் கொக்கியில் மாட்டி, விசில் ஊதித் தூக்கச் சொல்வது அவர் வேலை. அந்தக் கயிற்றை ஸ்லிங் என்பார்கள். தொட்டி மேலே எழும்பியதும் ஆடாமல் இருக்க அதைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். தொங்கும் சரக்குக்குப் பக்கத்தில் போகாதே என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் வந்து ஒரு நாள் தள்ளி நின்று திருப்பிக் காட்டட்டும், நானும் பார்க்கிறேன்.

எங்களிடம் இருபத்திரண்டு ஸ்லிங்குகள். எது எத்தனை டன் தாங்கும், எப்போது சோதித்தது, எது தேய்ந்தது என்கிற கணக்கெல்லாம் என் லேப்டாப்பில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கிரேன் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட் இன்சார்ஜும் நானும் போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவர் கயிற்றைத் தடவி, வளைத்து, அறுந்த கம்பி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுவார். நான் குறித்துக்கொள்வேன். பிறகு லேப்டாப்பில் ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் ஒரு ஷீட். அந்த ஷீட்டில் தேதியை நாம் போட முடியாது. லேப்டாப் என்ன தேதி காட்டுகிறதோ அதையே அது எடுத்துக்கொள்ளும். பிரின்ட் எடுத்து நான் கையெழுத்துப் போட்டு ஷெட்டுக்கு அனுப்பினால், அங்கே கண்ணிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு அந்தப் பருவத்தின் பெயின்டை அடிப்பார்கள். ஒரு தடவை மஞ்சள், அடுத்த தடவை நீலம், அதற்கடுத்து பச்சை. இந்தப் பருவத்தின் நிறம் இல்லாத ஸ்லிங்கை யாரும் கொக்கியில் மாட்டக் கூடாது. நிறம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே தொங்குவது எல்லாம் அந்த நிறத்தை நம்பித்தான்.

அப்படிப்பட்ட லேப்டாப்பில் வைரஸை ஏற்றிவிட்டது யார் என்றால், நான்தான். ஆயுத பூஜை அன்று ஆபீஸில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை கொடுத்தோம். சாமி பாட்டு போடணும் என்று யாரோ ஒரு பென் டிரைவை நீட்டினார்கள். எந்த மெஷினில் சத்தம் நன்றாக வரும் என்று கேட்டார்கள். என்னுடையதில் என்று பெருமையாக வாங்கி, குங்குமம் காயாத கையோடு நானே செருகினேன். பாட்டு நன்றாகத்தான் பாடியது. பூஜை முடிந்து மறுநாள் வந்து திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறிக் கிடந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்காரர்தான் எங்கள் கம்பெனிக்கு மெஷின் பார்ப்பவர். நாற்பது தாண்டியவர், எதற்கும் பதறாதவர், எதையும் இரண்டு தடவை சொல்லாதவர். அவர் வந்து துடைத்து, கழுவி, பழைய நகலிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுத்தார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த நகல் சரியான நகல்தானா? வைரஸ் உள்ளே இருந்துகொண்டு எண்களை மாற்றியிருந்தால்? ஐந்து டன் தாங்குவதை எட்டு டன் என்று எழுதியிருந்தால்? ஷெட்டில் என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு எட்டு டன்னை மாட்டினால்? ஒரு வாரம் ஸ்லிங்கில் டன் அளவு பொறித்துத் தொங்கும் தகட்டையும் ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அந்த மெஷினைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். வீட்டில் சொன்னால் அவர் சிரிப்பார். பேயா பிசாசா, வேப்பிலை அடிச்சிடலாமா என்று கிண்டல்.

மார்ச் மாதக் கடைசியில் எங்கள் பெண்ணுக்கு டைபாய்டு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நான் லீவில் இருந்தேன். ஆஸ்பத்திரி, கஞ்சி, ஊசி என்று நாள் கிழமை தெரியாமல் ஓடியது. திரும்பி வேலைக்கு வந்தபோது ஏப்ரல் முதல் வாரம் முடிந்துகொண்டிருந்தது. மெஷினைத் திறந்ததும்தான் உறைத்தது. மார்ச்சுக்குள் போட்டிருக்க வேண்டிய இருபத்திரண்டு ஷீட்டில் ஒன்றுகூடப் போடவில்லை. இன்சார்ஜோ ஆந்திரா பக்கம் ஒரு சைட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் ஆடிட் வேறு. தேதி தள்ளிப் போட்டால் மெமோ நிச்சயம். அன்று சாயங்காலம் ரயிலில் அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடுமே, பாத்துக்கலாம் என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார் என்பதால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே வாரம்தான் தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சிஸ்டம் அப்டேட் போடாத மெஷின்களை நெட்டிலிருந்து துண்டித்துவிடுவோம் என்று. ஒரு தடவை வைரஸ் வந்த மெஷின் என்பதால் என்னுடையதற்கு முதல் எச்சரிக்கை. சரி என்று அப்டேட்டை ஓட்டினேன். முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றது.

புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டேன். அவர் தன் கடையில் இருந்தபடியே என் திரையைத் தன் திரையில் பார்த்து வேலை செய்தார். என் கை படாமலேயே அம்புக்குறி அங்கும் இங்கும் நகர்வதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பழைய வைரஸ் போகும்போது சும்மா போகாது என்றார். முதலில் அப்டேட்டை ஓட்டும் பகுதியையே அது அணைத்து வைத்திருந்தது, அதைத் திறந்துவிட்டார். அப்டேட் கிடைக்கும் தளங்களுக்கெல்லாம் வழி அடைக்கும் சில வரிகளை ஒரு ஃபைலில் எழுதிவைத்திருந்தது, அவற்றை அழித்தார். பாதியில் இறங்கிக் கெட்டுக்கிடந்த அப்டேட் துண்டுகளைக் காலி பண்ணினார். மெஷினில் இடம் போதவில்லை என்று ஆயுத பூஜை போட்டோக்களையெல்லாம் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். வைரஸ் ஸ்கேன் இரண்டு தடவை ஓட்டினார். ஒன்றும் இல்லை, சுத்தம் என்றார். நிம்மதியாக அப்டேட்டை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். மறுபடி முப்பத்தைந்து.

அன்று மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கூத்து. பல தளங்களைத் திறந்தால் சிவப்பு எழுத்தில், இது பாதுகாப்பானதில்லை என்று வந்தது. மெயில் வரவில்லை. தினமும் போகும் தளங்கள்கூடத் திறக்கவில்லை.  உள்ளே இருக்கிறது, போகவே இல்லை, நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர்காரர் பார்த்துவிட்டு, மேடம், தேதியப் பாருங்க என்றார். திரையின் மூலையைப் பார்த்தேன். நாள் சரியாக இருந்தது. மாதம் மட்டும் மார்ச். ஏப்ரல் ஒன்பதுக்குப் பதிலாக மார்ச் ஒன்பது. ஒன்பது என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பழகியதால் மாதம் என் கண்ணில் படவே இல்லை. தேதி பின்னால் போனால் நெட்டில் பல தளங்களின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று மெஷின் நினைத்துக்கொள்ளும், அப்டேட்டும் அதை நம்பாது, அதனால்தான் எல்லாம் நிற்கிறது என்று விளக்கினார். தேதியை மாற்றிக் கொடுத்தார். அப்டேட் நாற்பதைத் தாண்டியது, ஐம்பது, அறுபது. அப்பாடா என்று சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் நின்றிருந்தது. தேதி மறுபடி மார்ச்.

வெள்ளிக்கிழமை மாற்றினார், மத்தியானம் மார்ச் ஆனது. சனிக்கிழமை மாற்றினார், மறுபடியும் அதேதான்.  ஷீட்டின் தேதியெல்லாம் இந்த லேப்டாப் சொல்லும் தேதிதான். தேதியையே மாற்றத் தெரிந்த ஒன்றுக்கு டன்னை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஷெட் பக்கம் கிரேன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போய் அவர் தலை தெரிகிறதா என்று பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவள், இன்னாக்கா, புதுசா கல்யாணம் ஆன மாதிரி பாக்குற என்று கேலி செய்தாள். 

உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கும், மெஷினை அணைத்தாலும் தேதியைக் காப்பாற்றுவது அதுதான், அது செத்திருக்கும் என்று கம்ப்யூட்டர்காரர் சொன்னார். செவ்வாய்க்கிழமை புதுசோடு வருகிறேன், அதுவரை தேதியைத் தொடாதீர்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அரை நாள் ஆபீஸுக்குப் போனேன். லீவில் தேங்கிய வேலை மலையாகக் கிடந்தது. அன்றுதான் ஸ்லிங் ஷீட்டுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். இருபத்திரண்டு ஷீட்டும் இருந்தன. எல்லாமே நான் லீவில் போவதற்கு முந்தைய மார்ச் தேதிகளில். எல்லாவற்றிலும் 'சரி' என்ற கட்டத்தில் டிக்.

இந்த இடத்தில் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போவதில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் முன்பு காலியாக இருந்த ஃபோல்டர் இப்போது எப்படி நிறைந்தது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அடுத்த கணமே எனக்குச் சாதகமாக நாலு காரணம் கண்டுபிடித்தேன். இன்சார்ஜ் ஆந்திரா போவதற்கு முன்னால் பார்த்துப் போட்டிருப்பார். கம்ப்யூட்டர்காரர் குப்பையைத் துடைத்தபோது மறைந்திருந்த ஃபைல்கள் வெளியே வந்திருக்கும். பெண்ணுக்குக் காய்ச்சல் தொடங்கிய பதற்றத்தில் நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன். கடவுள் கண் திறந்துவிட்டார். இன்சார்ஜுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அது இல்லாமல் போய்விடுமோ என்று பயம். இருபத்திரண்டையும் பிரின்ட் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை காலையில் பச்சை பெயின்ட் டப்பாவோடு ஷெட்டுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் ரயிலில் வீட்டுக்காரரின் விரல் இடுக்கெல்லாம் பச்சை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். ஆடிட் பயம் போன சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர்காரர் வந்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவெல்லாம் கழற்றி, அந்தச் சின்ன பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. புதுசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெஷினை மூடித் திறந்து, உள்ளே நடப்பதையெல்லாம் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு பட்டியலைத் திறந்தார். ஆயிரக்கணக்கான வரிகள். அதில் தேதி மாறிய வரிகளை மட்டும் பிரித்து எனக்குக் காட்டினார். புதன்கிழமை பன்னிரண்டு நாற்பத்தொன்று. வியாழன் பன்னிரண்டு முப்பத்தெட்டு. வெள்ளி நாற்பத்துநாலு. சனி நாற்பது. மாதம் மாறியிருக்கிறதே தவிர மணி மாறவில்லை. ஒவ்வொரு வரியிலும் மாற்றியவர் என்ற இடத்தில் என் லாகின் பெயர். தானாகத் தேதி சரியாகும் வசதியும் புதன்கிழமை அதே நேரத்தில்தான் அணைக்கப்பட்டிருந்தது.

"வைரஸு நேரம் பாத்து வராது மேடம். இது கரெக்டா சோறு துன்ற நேரத்துக்கு வந்துட்டுப் போவுது."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. தேதியை மாற்றி, அப்டேட்டை ஓட்டிவிட்டு, இனி நிற்காது, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 

சாப்பாட்டு நேரத்தில் என் சீட்டுக்கு வருபவர் ஒருவர்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ரயிலில் நான்தான் டிபன் தூக்கி வருவேன். பன்னிரண்டரைக்கு நான் பெண்கள் சாப்பிடும் அறைக்குப் போய்விடுவேன். அவருடைய டப்பா என் மேஜைமேல் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஷெட்டிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து எடுத்துப் போவார். என் பாஸ்வேர்டு எங்கள் பெண்ணின் பிறந்த நாள். அதை அவருக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

அன்று நான் சாப்பிடப் போகவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு அவர் வந்தார். கதவருகே என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாமே, இன்னும் சாப்ட போவல?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அந்த நாலு வரிகளும் திறந்தே இருந்தன. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் மணியைப் படிக்கத் தெரியும். தலையைச் சொறிந்தார். பச்சை இன்னும் நகத்தில் இருந்தது.

"மெமோ வந்தா உன் பேரு கெட்டுடும்னு அழுதியே. அதான் தேதிய மாத்திப் போட்டு வெச்சேன். ஒரு நாளிக்கு அஞ்சாறு தான் போட முடிஞ்சிது, சைரன் ஊதிட்டான்னா ஓடணும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஒரு வாரமாக நான் செத்துப் பிழைத்ததையெல்லாம் கொட்டினேன். வைரஸ் என்று நான் நடுங்கியது இவரைப் பார்த்துத்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப என்றார். அதுவும் உண்மைதான். தேதியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, சரி என்ற கட்டத்தில் டிக் மட்டும் போட்டேன், மிச்சம் எல்லாம் உன் வேலை, கையெழுத்தும் நீதானே போட்டாய் என்று முணுமுணுத்தபடி டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பெரிய தொட்டியை லாரியில் ஏற்ற வேண்டும், டிரைவர் எளாவூர் செக் போஸ்ட்டில் கூட்டம் சேருவதற்குள் தாண்ட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறான் என்றார்.

அவர் போன பிறகும் வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். எதிரே அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஐம்பது. வைரஸ் இல்லை, பேய் இல்லை, என் வீட்டுக்காரரின் விரல்தான் என்று ஒரு பக்கம் நிம்மதிகூட வந்தது. அறுபதுக்குப் போகும்போதுதான் அவர் சொன்னது மண்டையில் இறங்கியது. டிக் மட்டும் போட்டேன். மிச்சம் உன் வேலை.

அப்படியானால் ஸ்லிங்கைப் பார்த்தது யார்?

இன்சார்ஜுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை அடித்து எடுத்தார். மார்ச்சில் நீங்கள் ஸ்லிங்கைப் பார்த்தீர்களா சார் என்று கேட்டேன். நான் எங்கேம்மா பார்த்தேன், நீங்கள் லீவில் போனீர்கள், நான் இங்கே வந்துவிட்டேன், நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியதாகச் சொன்னார்களே, வேறு யாரையாவது வைத்துப் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. ஒருவரும் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு ஸ்லிங்குக்கும் பச்சை அடித்தாயிற்று. அப்போது சைரன் ஊதியது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று ஆபீஸ் படியிலேயே கழன்றுவிட்டது. ஷெட்டுக்குள் வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் தெரியவில்லை, சத்தம் மட்டும் காதைப் பிளந்தது. கண் தெளிந்தபோது தொட்டி தரையிலிருந்து ஆள் உயரத்துக்குப் போயிருந்தது. அதன் பக்கத்தில், இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, என் வீட்டுக்காரர் மெதுவாகத் திருப்பிக்கொண்டு நடந்தார். கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. கிரேன் ஓட்டுபவருக்கு விசில் ஊதுபவர் மட்டும்தான் சைகை காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும், கூட்டுகிற அம்மா காட்டினாலும், அவர் நிறுத்தியாக வேண்டும். எங்கள் ஆபீஸ் சுவரிலும் அந்தப் படம் ஒட்டியிருக்கிறது. ஆபரேட்டர் கண்ணில் படும் இடத்துக்குப் போய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி விரித்துக்கொண்டு நின்றேன். கிரேன் நின்றது. தொட்டி அங்கேயே தொங்கியது. அது ஒரு பக்கமாக லேசாகச் சாய்வதுபோல எனக்குப் பட்டது. சாய்ந்ததா, என் பயமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வா, வா என்று அவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விலகி வந்தார். பிறகு அவரே தூரத்தில் நின்று விசில் ஊதி, அங்குலம் அங்குலமாக இறக்க வைத்தார்.

தொட்டி தரையைத் தொட்டதும் கொக்கியைக் கழற்றி, இரண்டு ஸ்லிங்கையும் கீழே போட்டார்கள். யாரும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து முதல் ஸ்லிங்கைத் தடவினார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதை எடுத்தார். கண்ணிக்கு மேலே பச்சை அடித்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே மஞ்சள். மஞ்சளும் உதிர்ந்தபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம். அறுந்த கம்பி ஒன்று குத்தியிருந்தது. ஒன்றில்லை. சுரண்டச் சுரண்ட வரிசையாக வந்தன. பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி மூடியிருந்தது. 

அன்று மத்தியானம் இருபத்திரண்டையும் கழற்றிப் போட்டுக் கிரேனை நிறுத்தினார்கள். லாரி டிரைவர் பேஜாரு பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனான். இன்சார்ஜ் ஆந்திராவிலிருந்து கிளம்பிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ என்பது முடிவாகிவிட்டது. எனக்கு அது பொருட்டாகவே இல்லை.

ஷிஃப்ட் முடிந்து ஆபீஸுக்குள் போனேன். அப்டேட் முடிந்து லேப்டாப் புதிதாகத் திறந்து உட்கார்ந்திருந்தது. ஸ்லிங் பட்டியலைத் திறந்தேன். புதிதாகத் திறந்ததும் அது தானாகவே ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறது. தேதி மாறிய அந்த வரிகளோடு ஒத்துப் பார்த்து, மார்ச் தேதி போட்ட ஷீட்டெல்லாம் ஏப்ரலில் எழுதப்பட்டவை என்று கண்டுபிடித்து இருபத்திரண்டு வரியையும் சிவப்பாக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என் பெயர்.

அவர் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து, டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் நான் வெடித்தேன். உனக்கு அறிவு இருக்கிறதா, எழுதிவிட்டாய், சரி, பார்க்காத கயிற்றுக்கு நீயே பெயின்ட் அடித்து நீயே கீழே போய் நின்றாயே, எங்களை என்ன செய்வதாக நினைத்தாய் என்று கேட்டேன். பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.  அவர் என் கண்ணைப் பார்க்காமல் திரையில் இருந்த சிவப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாக்காததுன்னு எனக்கு இன்னாமே தெரியும்? ஞாயித்துக்கெழம நீ ஆபீஸுக்கு வந்துட்டுப் போன. இன்சார்ஜ் இல்லன்னாலும் யாரயாச்சும் வெச்சி ஸ்லிங்கு பாக்கத்தான் போறன்னு நெனச்சிக்கினேன். உன் கையெழுத்த பாத்துட்டு தாமே பெயின்ட்டே அடிச்சேன்."

திரையின் மூலையில் தேதி சரியாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு டிபன் டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டேன். அவருடையது திறக்காமலேயே இருந்தது. அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.